புளியங்கொட்டைக் கணக்கில் பனிச்சிறுத்தை

பிப்ரவரி மாதம். லடாக்கின் லே நகரிலிருந்து கிளம்பும் பயணி ஒருவர், ஸ்பிதுக் மடாலயத்துக்குக் கீழே சிந்து நதியைக் கடந்து, ஜிங்சென் வரை வண்டியில் போகிறார். அங்கிருந்து உறைந்த ஓடையோரமாக நடந்து ரும்பக் கிராமத்தை அடைகிறார். உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். நாலு அடி எடுத்துவைத்தால் மூச்சு வாங்குகிறது. இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்குகிறது. பத்து நாள் தங்கி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் துழாவுகிறார். நீல ஆடுகள் மந்தை மந்தையாக மேய்கின்றன. தாடிக்கழுகு ஒன்று தலைக்கு மேல் வட்டமடிக்கிறது. பாறையடியில் பனிமீது அகலமான காலடித் தடங்கள், அன்று விடியற்காலையில் பதிந்தவை. தடத்துக்குரிய விலங்கு மட்டும் கடைசிவரை கண்ணில் படவில்லை.

இது அபூர்வமான ஏமாற்றம் இல்லை. 1973ஆம் ஆண்டில் எழுத்தாளர் பீட்டர் மாத்தியசன், விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருடன் நேபாளத்தின் டோல்போ பகுதியில் உள்ள ஷே மடாலயத்துக்கு நடந்தே போனார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குப் பெயரே ‘பனிச்சிறுத்தை’. அவர் அந்த விலங்கைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் பயணி ஒரு செய்தியைப் படிக்கிறார். 2024 ஜனவரி 30 அன்று இந்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் பனிச்சிறுத்தைகள் 718. லடாக்கில் மட்டும் 477. ‘சுமார் ஐந்நூறு’ என்றுகூடச் சொல்லவில்லை, நானூற்று எழுபத்தேழு! பத்து நாள் தவம் கிடந்தவருக்கு ஒன்றுகூடத் தென்படாத மலையில் யார் போய் எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்?

ஏன் தெரிவதில்லை?

ரும்பக் இருப்பது ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள். 1981இல் அறிவிக்கப்பட்டு, பிறகு விரிவாக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுவே. வேலியும் நுழைவாயிலும் வைத்துக் காத்த காடு என்று கற்பனை செய்துகொள்ளக் கூடாது. உள்ளே கிராமங்கள் இருக்கின்றன, பார்லி வயல்கள் இருக்கின்றன, யாக்குகள் மேய்கின்றன. பூங்காவுக்குப் பெயர் தந்த ஹெமிஸ் மடாலயம் 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் மன்னரின் ஆதரவோடு வளர்ந்தது. பௌத்த குரு பத்மசம்பவரின் பிறப்பைக் கொண்டாட அங்கே கோடையில் நடக்கும் முகமூடி நடனத்துக்கு உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2016இல், மடாலயத்தின் மாபெரும் துணி ஓவியத்தை முற்றத்தில் விரித்துக் காட்டினார்கள்.

கோடையில் வருபவர்கள் திருவிழாவைப் பார்க்கலாம். பனிச்சிறுத்தைக்குக் குளிர்காலம்தான். பனி மூடியதும் நீல ஆடுகள் கீழ்ச்சரிவுகளுக்கு இறங்குகின்றன, அவற்றின் பின்னால் சிறுத்தையும் இறங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு இணைசேரும் பருவமும்கூட.

அப்போதும் அது ஏன் தெரிவதில்லை? முதல் காரணம் நிறம். சாம்பலும் வெண்மையும் கலந்த உடம்பில் கருமையான வட்டப் பூக்கள். வெயிலும் நிழலும் உடைந்து கிடக்கும் சரளைச் சரிவில் அது படுத்துவிட்டால் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டாவது காரணம் பழக்கம். அந்தியிலும் விடியலிலும்தான் அதிகம் நடமாடும், பெரும்பாலும் தனியாகவே. மூன்றாவது காரணம் தூரம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்தபோது, ஒரு ஆண் சிறுத்தை சராசரியாக 207 சதுர கிலோமீட்டரையும் பெண் 124 சதுர கிலோமீட்டரையும் தன் வட்டாரமாக வைத்திருப்பது தெரிந்தது. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பனிச்சிறுத்தை வாழும் நிலப்பரப்பில் உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ 40 சதவீதம், ஒரே ஒரு ஆண் சிறுத்தையின் வட்டாரத்தைவிடச் சிறியவை.

அப்படியிருக்க, மலை ஏறி ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவது நடக்கிற காரியமா? நேற்று இந்தச் சரிவில் பார்த்ததும் இன்று அடுத்த பள்ளத்தாக்கில் பார்த்ததும் ஒன்றா, இரண்டா?

ஒரு பானை புளியங்கொட்டை

ஒரு பானையில் புளியங்கொட்டைகள் இருக்கின்றன. எத்தனை என்று தெரியாது. கொட்டி எண்ணவும் அனுமதி இல்லை. கையை விட்டு அள்ள மட்டுமே முடியும்.

முதல் தடவை 50 கொட்டைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, திரும்பப் பானையில் போட்டு நன்றாகக் குலுக்கவேண்டும். இரண்டாம் தடவை 40 எடுக்கிறோம். அவற்றில் 8 கொட்டைகளில் பொட்டு இருக்கிறது. நாற்பதில் எட்டு என்றால் ஐந்தில் ஒன்று. கையில் வந்ததில் ஐந்தில் ஒன்றுக்குப் பொட்டு இருந்தால், பானை முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குப் பொட்டு இருக்கவேண்டும். நாம் வைத்த பொட்டுகள் 50. ஆகவே பானையில் இருப்பவை சுமார் 250.

அவ்வளவுதான் அடிப்படை. பானையின் அடியில் கிடக்கும் கொட்டைகளைத் தொடாமலே அவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டோம். இதைப் ‘பிடி–மறுபிடி முறை’ என்று அழைக்கலாம். டென்மார்க்கின் மீன்வள ஆய்வாளர் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் மீன்களுக்கு அடையாளம் குத்தி இந்த வழியில் சிந்தித்தார். 1930இல் அமெரிக்காவின் ஃபிரெடரிக் லிங்கன், காலில் வளையம் மாட்டிய காட்டு வாத்துகளைக் கொண்டு இதே கணக்கைப் போட்டார்.

கணக்கு எளிது. ஆனால் அது மூன்று நிபந்தனைகள் மேல் நிற்கிறது. பொட்டு அழியக் கூடாது. இரண்டு தடவைக்கும் இடையில் பானைக்குள் புதிதாக எதுவும் வரக் கூடாது, எதுவும் வெளியேறவும் கூடாது. எல்லாக் கொட்டைக்கும் கையில் அகப்பட ஒரே அளவு வாய்ப்பு இருக்கவேண்டும். பானைக்கு இவை சரி. மலைக்கு? மலையைக் குலுக்க முடியாது. அதற்கு விளிம்பும் கிடையாது. இனி வருவது முழுக்க, இந்த மூன்று நிபந்தனைகளும் இமயமலையில் எப்படி உடைகின்றன, உடைந்ததை எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்கிற கதைதான்.

உடம்பிலேயே இருக்கும் பொட்டு

சிறுத்தையைப் பிடித்துப் பொட்டு வைக்கவேண்டிய அவசியம் இல்லை. அது பிறக்கும்போதே பொட்டோடு பிறக்கிறது. ஒன்றின் மேலுள்ள பூக்கோலம் இன்னொன்றின் மேல் இருக்காது. விலாப்புறம், நெற்றி, வால் ஆகியவற்றின் கோலத்தை வைத்து ‘இது அதுதான்’ என்று சொல்லிவிடலாம். மனிதரின் கைரேகையைப் போல. எனவே படம் எடுத்தால் போதும், அதுவே பிடித்ததற்குச் சமம். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த், புலிகளின் வரிகளைக் கொண்டு இந்த வழியில் எண்ணிக் காட்டினார். தானியங்கிக் கேமராவைப் பிடி–மறுபிடிக் கணக்கோடு இணைத்த முன்னோடி முயற்சி அது.

கேமராவை எங்கே வைப்பது? இங்கே சிறுத்தையே வழி காட்டுகிறது. அது தன் வட்டாரத்தில் உள்ள மற்ற சிறுத்தைகளுக்குத் தகவல் எழுதிவைக்கும் விலங்கு. பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துச் சிறு குழி செய்யும். முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பாறையின் அடியில் மூத்திரம் தெளிக்கும். மழையும் பனியும் நேராக விழாத அந்த மறைவில் வாசனை பல நாள் நிற்கும். ஒரே பாறையை மறுபடி மறுபடி வந்து முகரும். ரும்பக்கில் ஆடு மேய்த்து வளர்ந்த எவருக்கும் இந்தப் பாறைகள் தெரியும். லடாக்கியரின் பேச்சில் பனிச்சிறுத்தைக்கு ‘ஷான்’ என்று பெயர். ஷான் எந்தப் பாறைக்கு வரும் என்று அவர்கள் கை நீட்டும் இடத்தில் கேமரா உட்காருகிறது. உடல்சூட்டோடு ஏதாவது நகர்ந்தால் கேமரா தானே விழித்துப் படம் எடுக்கும். சிறுத்தைக்கு மட்டும் விழிக்கும் என்று சொல்ல முடியாது. யாக், கழுதை, மலையேறுபவரின் காலணி எல்லாம் படமாகிவிடும். குளிரில் மின்கலங்கள் சீக்கிரம் இறங்கும். அவற்றை மாற்ற யாரோ ஒருவர் மறுபடி மேலே ஏறவேண்டும்.

ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு விடைகள்

பனிச்சிறுத்தைக்கு இந்த முறை சரிவருமா என்று சோதித்த இடம் ஹெமிஸ்தான். அமெரிக்க ஆய்வாளர் ராட்னி ஜாக்சனும் லடாக்கின் ரிஞ்சன் வாங்சுக்கும் உள்ளிட்ட குழு, 2003, 2004 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் பூங்காவுக்குள் கேமராக்களை வைத்தது. ஒவ்வொரு முறையும் கேமரா விரித்த பரப்பு 16 முதல் 30 சதுர கிலோமீட்டருக்குள்.

முதல் ஆண்டு 66 தடவை சிறுத்தைகள் பதிவாகின. அடுத்த ஆண்டு 49 தடவை. இவற்றில் பெரும்பாலானவை ஒரே சில சிறுத்தைகள் திரும்பத் திரும்ப வந்தவை. அந்தத் திரும்ப வருதலே நமக்கு வேண்டியது. கேமரா வைத்த நாட்களைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சிறுத்தைக்கும் ஒரு வருகைப் பதிவேடு போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்: முதல் சுற்றில் வந்தது, இரண்டாம் சுற்றில் வரவில்லை, மூன்றாம் சுற்றில் வந்தது. இப்படிப் பல சிறுத்தைகளின் பதிவேடுகளைச் சேர்த்தால், ‘இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு சிறுத்தை, ஒரு சுற்றில் படமாவதற்கு என்ன வாய்ப்பு?’ என்ற கேள்விக்கு விடை வருகிறது. ஹெமிஸில் கிடைத்த விடை, மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை.

இந்த வாய்ப்பு தெரிந்துவிட்டால் படமாகாதவையும் பிடிபடுகின்றன. கற்பனைக்கு ஒரு கணக்கு: ஒரு சுற்றில் படமாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், ஐந்து சுற்றிலும் தப்பிப்பது முப்பத்திரண்டில் ஒரு சிறுத்தைதான். வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால், ஐந்து சுற்று முடிந்தபிறகும் நூற்றுக்குப் பதின்மூன்று சிறுத்தைகள் படமாகாமலே இருந்துவிடும். படமானவற்றின் எண்ணிக்கையோடு இந்த விடுபடலைச் சேர்க்கவேண்டும். பத்து நாள் பார்த்தும் ஒன்றும் காணாத பயணியின் அனுபவமும் இதே கணக்கில் அடங்கும். ‘காணவில்லை’ என்பதும் ஒரு பதிவு. அதை எழுதிவைக்கிறவருக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

குழு கணக்கை முடித்தது. 2003இல் 100 சதுர கிலோமீட்டருக்கு 8.49 சிறுத்தைகள். 2004இல் 4.45.

ஒரே ஆண்டில் பாதிக்குப் பாதி காணாமல் போயினவா? நஞ்சு வைத்தார்களா? நோய் பரவியதா? அப்படி எதுவும் இல்லை என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். வித்தியாசத்துக்குக் காரணம் கேமராக்கள் எவ்வளவு நெருக்கமாக, எங்கே வைக்கப்பட்டன என்பதுதான், சிறுத்தைகள் குறைந்ததாகத் தாங்கள் நினைக்கவில்லை என்றார்கள். தாங்கள் வெளியிட்ட எண்ணை, வெளியிட்ட பக்கத்திலேயே சந்தேகிக்கும் அந்த நேர்மை பெரிது. ஒரு விலங்கைக் காக்க நினைப்பவர் அதன் எண்ணிக்கையை ஊதிக் காட்டவும் ஆசைப்படலாம், குறைத்துக் காட்டவும் ஆசைப்படலாம். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

டீக்கடையை வைத்து ஊரை அளந்தால்

கேமரா வைக்கும் இடத்தால் வரும் அந்தச் சிக்கல் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பேருந்து நிலையத்து டீக்கடை போதும். காலையிலிருந்து இரவு வரை அங்கே 600 பேர் வந்து போகிறார்கள். கடையின் பரப்பு 200 சதுர அடி. அறுநூறை இருநூறால் வகுத்து, ‘இந்த ஊரில் சதுர அடிக்கு மூன்று பேர் வசிக்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். வந்தவர்கள் கடையில் வசிப்பவர்கள் அல்லவே, எங்கெங்கோ இருந்து வந்தவர்கள்.

16 சதுர கிலோமீட்டரில் கேமரா வைத்து, 200 சதுர கிலோமீட்டர் சுற்றக்கூடிய விலங்கை எண்ணும்போது இந்தத் தவறுதான் காத்திருக்கிறது. படத்தில் வரும் சிறுத்தை அந்தப் பள்ளத்தாக்கை நாலு முறை கடந்து போவதாக இருக்கலாம், அதன் வட்டாரத்தில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். பானைக்கு விளிம்பு இல்லை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

கேமரா வலைக்கு வெளியேயும் ஒரு பட்டையைச் சேர்த்துக்கொண்டு வகுப்பது பழைய தீர்வு. எவ்வளவு அகலப் பட்டை என்பதில் எப்போதும் வாக்குவாதம். இப்போது வந்திருக்கும் தீர்வு அழகானது. இதை ‘இடம் அறிந்த பிடி–மறுபிடி’ எனலாம். யார் வந்தார் என்பதோடு எந்தக் கேமராவில் வந்தார் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரு சிறுத்தை நடுவிலுள்ள மூன்று கேமராக்களில் அடிக்கடியும், ஓரத்தில் உள்ளதில் ஒரே ஒரு முறையும் வந்திருந்தால், அதன் வட்டாரத்தின் மையம் எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். மையத்திலிருந்து தூரம் கூடக் கூடப் படமாகும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதும் தெரிந்துவிடும். பிறகு எண்ணவேண்டியவை மையங்கள். டீக்கடையில் தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் ‘வீடு எங்கே?’ என்று கேட்பதுபோல.

ஆவிப் பூனைகள்

இன்னொரு தவறு கண்ணில் இருக்கிறது.

பனிச்சிறுத்தையின் குளிர்கால ரோமம் அடர்த்தியானது. உடம்பை வளைக்கும்போது கோலமும் வளைகிறது. இரவுப் படங்கள் மங்கலாக வரும். இடப்பக்கம் மட்டும் தெரியும் படத்தையும் வலப்பக்கம் மட்டும் தெரியும் படத்தையும் வைத்துக்கொண்டு, இவை ஒன்றா, இரண்டா என்று எவரும் சொல்ல முடியாது. இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று 2020இல் வெளியான ஒரு ஆய்வு நேரடியாகவே சோதித்தது. விலங்குக்காட்சிச் சாலைகளில் உள்ள 16 பனிச்சிறுத்தைகளின் படங்களை 8 பேரிடம் கொடுத்து, எத்தனை சிறுத்தைகள் என்று பிரிக்கச் சொன்னார்கள். எட்டில் நான்கு பேர் இதில் கைதேர்ந்தவர்கள். முடிவில் எட்டில் ஒரு பங்கு அடையாளங்கள் தவறாயின. அந்தப் பிரிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் எண்ணிக்கை சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடிவிட்டது.

சிறு தவறு ஏன் இவ்வளவு பெரிய வீக்கமாகிறது? திரும்பப் பானைக்குப் போகலாம். 40 கொட்டைகளில் 8இல் பொட்டு இருந்தது. அவற்றில் இரண்டில் பொட்டு மங்கி, நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், கணக்கில் வருவது 6. நாற்பதில் ஆறு. இப்போது பானையில் இருப்பவை 333 என்று விடை வரும். இரண்டே இரண்டு கொட்டைகளைத் தவறவிட்டதில் எண்பத்துமூன்று ஆவிக் கொட்டைகள் பிறந்துவிட்டன. ஏற்கெனவே பார்த்த சிறுத்தையைப் புதியது என்று நினைப்பதும் இதேதான். அதன் ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. இல்லாத சிறுத்தைகளை நம்பி ‘நிறைய இருக்கிறது’ என்று நிம்மதி அடைந்துவிட்டால், இருப்பதும் போகும். அதனால்தான் இன்று ஒரே படத்தை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், தெளிவில்லாத படங்களை ஒதுக்குகிறார்கள், கணினியின் உதவியையும் நாடுகிறார்கள்.

13,450 கிலோமீட்டர் நடை

இனி 718க்கு வரலாம்.

பழைய ஆய்வுகள் பலவற்றுக்கு ஒரு பலவீனம் பொதுவாக இருந்தது. சிறுத்தை நன்றாக வாழும் என்று பெயர் பெற்ற பள்ளத்தாக்குகளுக்கே எல்லோரும் போனார்கள். அங்கே கிடைத்த அடர்த்தியை மலைத்தொடர் முழுவதற்கும் பெருக்கினால் எண்ணிக்கை எகிறும். ஆகவே 2019 முதல் 2023 வரை நடந்த இந்தியக் கணக்கெடுப்பு, நல்ல இடம், சுமாரான இடம், வறண்ட இடம் என எல்லாவற்றுக்கும் போனது. இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒருங்கிணைக்க, மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் உலக இயற்கை நிதியத்தின் இந்தியப் பிரிவும் கைகொடுத்தன. முதல் கட்டம் நடை. பறிப்புக் குழி, எச்சம், தடம் ஆகியவற்றைத் தேடி 13,450 கிலோமீட்டர் நடந்தார்கள். ஷான் எந்தெந்தப் பகுதியில் இருக்கிறது என்ற வரைபடம் அதில் கிடைத்தது. இரண்டாம் கட்டம் கேமரா. 1,971 இடங்கள். ஒரு கேமரா ஓர் இரவு விழித்திருந்தால் அது ஒரு கேமரா–இரவு. அப்படி 1,80,000 கேமரா–இரவுகள்.

இத்தனைக்கும் படத்தில் சிக்கிய தனித்தனிச் சிறுத்தைகள் 241 மட்டுமே. மீதி, பானையின் அடியில் கிடக்கும் புளியங்கொட்டைகள். (718இல் 241 போனால் 477. லடாக்கின் எண்ணும் அதுவே என்பது வெறும் தற்செயல்.) லடாக்குக்கு அடுத்து உத்தராகண்ட் 124, இமாச்சலம் 51, அருணாச்சலம் 36, சிக்கிம் 21, ஜம்மு காஷ்மீர் 9.

செய்தித்தாள்கள் அச்சிடாமல் விட்டது ஒன்று உண்டு. லடாக்கின் 477 தனியாக வருவதில்லை, ‘380 முதல் 598 வரை’ என்ற வாலோடுதான் வருகிறது. கைக்கு வந்த தரவுகளோடு மிக நன்றாகப் பொருந்துவது 477, உண்மை பெரும்பாலும் அந்த இரண்டு எல்லைக்குள் எங்கோ இருக்கும் என்று பொருள். இதைக் குறை என்று நினைக்கவேண்டியதில்லை. நாளை 450 என்று ஒரு எண் வந்தால், அது வீழ்ச்சியா, அளவீட்டின் தள்ளாட்டமா என்று சொல்ல இந்த வால்தான் உதவும். ஹெமிஸின் 8.49ம் 4.45ம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

இந்த வேலையை வெளியூர் விஞ்ஞானிகள் மட்டும் செய்யவில்லை. இமாச்சலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமத்து இளைஞர்கள்தான் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு மாநிலத்தின் பத்துப் பகுதிகளுக்கும் போனார்கள். அவர்கள் 44 தனிச் சிறுத்தைகளைப் படத்தில் பிடித்தார்கள். மேலே சொன்ன 51 என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்தது.

கொடி கட்டிய கணவாய்

ரும்பக்குக்குப் போகும் வழியில் ஸ்தூபிகள் வரும். மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவர்கள் வரும். அவற்றை வலப்பக்கம் விட்டே கடக்கவேண்டும். கணவாயின் உச்சியில் ஐந்து நிறக் கொடிகள் காற்றில் அடித்துக்கொள்ளும். ஊர்த்தெய்வத்தின் லாதோ என்னும் மேடையில் சுக்பா மரத்தின் கிளைகளும் காட்டாட்டுக் கொம்புகளும் செருகியிருக்கும். கணவாயையும் மலைமுகட்டையும் மனிதர்கள் கொடியால் குறிக்கிறார்கள், ஷான் அங்கேயே தன் வாசனையால் குறிக்கிறது. ஏறி இறங்க வழி அதுதான் என்பதால் இருவரும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

வழிபாட்டு இடங்கள் சிறுத்தைக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா? நம்பிக்கையை அளக்க முடியாது, நிலத்தை அளக்கலாம். திபெத்தியப் பீடபூமியில் மூன்று ஆறுகளின் ஊற்றுக்கண்ணான சான்ஜியாங்யுவான் பகுதியில் ஆய்வாளர் லீ ஜுவானின் குழுவினர் அதைச் செய்தார்கள். 2014இல் வெளியான அவர்களது ஆய்வில் 336 மடாலயங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, 46 சதவீதம் பனிச்சிறுத்தை வாழும் நிலத்துக்குள்ளேயே இருந்தன. 90 சதவீதம் அந்த நிலத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தன. பிக்குகள் புனித மலைகளைச் சுற்றி வருகிறார்கள், வேட்டைக்காரர்களைத் தடுக்கிறார்கள், கொல்லாமையைப் போதிக்கிறார்கள். இப்படி மடாலயங்கள் காக்கக்கூடிய சிறுத்தை நிலம், அங்குள்ள அரசுக் காப்பகத்தின் மையப் பகுதிகள் காப்பதைவிட அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் போதனை மட்டும் போதாது. பட்டிக்குள் இறங்கும் சிறுத்தை, அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓடும் பரபரப்பில் ஒன்றோடு நிற்காமல் பலவற்றைக் கொன்றுவிடும். விடிந்ததும் அந்தக் குடும்பத்தின் முன்னால் கிடப்பது ஒரு ஆண்டின் வருமானம். அப்போது ‘கொல்லாதே’ என்று வெளியூர்க்காரர் சொல்வது அநியாயம். ஹெமிஸ் பூங்காவின் கிராமங்களில் பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டுக் கொடுத்தபோதுதான் பேச்சுக்கு வழி பிறந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரிஞ்சன் வாங்சுக் போன்றவர்களின் முயற்சியில் ரும்பக் வட்டாரத்தில் வீட்டுத் தங்கல் தொடங்கியது. பயணிகளை வீடுகள் முறைவைத்து ஏற்றுக்கொள்கின்றன. அடுப்படியில் உட்கார்ந்து உப்பும் வெண்ணெயும் கலந்த குர்குர் தேநீர் குடிக்கும் பயணி ஷானைத் தேடி வந்தவர். அது உயிரோடு இருக்கும்வரைதான் அவர் வருவார் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

புள்ளி இல்லாத விலங்கு

பூக்கோலம் இருப்பதால் ஷானை எண்ண முடிகிறது. அதே மலையில் வாழும் ஓநாய்க்குக் கோலம் கிடையாது. ஒரு ஓநாயின் படத்துக்கும் இன்னொன்றின் படத்துக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். அதற்கு எச்சத்தைச் சேகரித்து, அதில் ஒட்டியிருக்கும் குடல் உயிரணுக்களின் மரபணுவைப் படிக்கவேண்டும். எவராலும் அழிக்க முடியாத பொட்டு அது. முதல் தடவை கிடைத்த எச்சங்களில் எத்தனை, இரண்டாம் தடவையும் அதே மரபணுவோடு கிடைக்கின்றன? பானை, புளியங்கொட்டை, அதே கணக்கு.

லடாக்கியர் ஓநாயை எண்ணியதில்லை, பிடித்திருக்கிறார்கள். ‘ஷாங்டோங்’ என்பது அதற்கான கற்பொறி. குழியைச் சுற்றிக் கல் அடுக்கி, சுவர் மேலே போகப் போக உட்புறம் சாயும்படி கட்டுவார்கள். உள்ளே ஒரு ஆட்டை உயிரோடு விடுவார்கள். குதித்து இறங்கும் ஓநாயால் சாய்ந்த சுவரில் ஏற முடியாது. ஊர் கூடிக் கல்லெறிந்து கொல்லும். ஸ்தூபியும் மணிச்சுவரும் இருந்த ஊர்களிலேயே இதுவும் இருந்தது. பௌத்த நாடு என்றால் எல்லா உயிரும் பத்திரம் என்று நினைத்து வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். மேய்ப்பரின் இழப்பு அவ்வளவு கசப்பானது.

சீன எல்லைக்கு அருகில் உள்ள சுஷுல் கிராமத்தில் மேய்ப்பர்களும் பிக்குகளும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் இதைப் பற்றிப் பல முறை உட்கார்ந்து பேசினார்கள். பொறிகளை இடித்துத் தரைமட்டமாக்கவில்லை. அவை தாத்தன் பாட்டன் கட்டியவை. சுவரின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, உள்ளே விழும் விலங்கு ஏறி வெளியே போக வழி செய்தார்கள். பொறியின் அருகிலேயே ஊர்க்காரர்கள் புதிதாக ஒரு ஸ்தூபி எழுப்பினார்கள். பிக்கு வந்து அதற்குச் சடங்கு செய்து வைத்தார். இன்று அந்த வழியாகப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வெள்ளையடித்த ஸ்தூபியை. ஒரு பக்கம் வாய் திறந்து கிடக்கும் கல்வட்டம் அதற்கப்புறம்தான் கண்ணில் படுகிறது.